நானூறு ரைட் கிளிக்

"ஏனுங்க, உங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நானூறு தடவை ரைட் கிளிக் பண்றது யாருங்க?"

கோயம்புத்தூரிலிருந்து போனில் இப்படிக் கேட்டவர் பெயர் யுவராஜ். எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக்குச் செயலி செய்து கொடுத்த கம்பெனியில் வேலை செய்கிறவர். நானூறு தடவை அழுத்தியது நான்தான். ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, போனை என்னோடு வேலை செய்யும் கண்ணாயி அக்கா பக்கம் தள்ளிவிட்டேன்.

கண்ணாயி அக்காவிடம் எதையும் இரண்டாம் முறை கேட்கத் தேவையில்லை. "எங்க யமுனாப் புள்ளைங்க. நானூறுதானுங்களா? கூடவே இருக்குமுங்க. நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கேனே."

"இல்லீங்க, எங்க ஆப்புல ரைட் கிளிக் பண்ணா ஒண்ணுமே வராதுங்க. எண்பது கம்ப்யூட்டர்ல அது ஓடுது. எல்லாரும் ரெண்டு நாள் அழுத்திப் பாத்துட்டு விட்டுட்டாங்க. இந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் எட்டு மாசமா விடல. மவுஸ் கெட்டுப் போச்சோன்னு கேட்டேன்."

"மவுசும் கெடல, புள்ளையும் கெடல. நீங்க கதவைத் தொறக்கல, அவ தட்டறத நிறுத்தல. அவ்வளவுதானுங்க."

"நான் நேர்ல வாரேனுங்க" என்றார் யுவராஜ்.

எங்கள் ஆபீஸ் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ரோட்டோரமாக இருக்கும் ஒரே அறை. பாதி அறையில் காலிச் சாக்குகளும் தராசும். மீதியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். தலைமை ஆபீஸ் கீழே சேந்தமங்கலத்தில். மலையில் மிளகு போடும் இருநூற்று எண்பத்தாறு பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். எங்களுடையது மருந்தடிக்காத மிளகு என்று சான்று வாங்க வேண்டுமானால் ஒவ்வொருவருடைய ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது தோட்டத்துக்கும், ஒரு பதிவு வேண்டும். சர்வே எண், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் எத்தனை, என்ன எரு போட்டார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் என்ன அடிக்கிறார், காட்டின் படம். மொத்தம் அறுநூற்றுப் பதினோரு காடுகள். ஐப்பசி பிறந்ததும் கண்ணாயி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் போனை எடுத்துக்கொண்டு காடு காடாகப் போய், கேட்டு நிரப்பி அனுப்புவார்கள். விட்டுப்போனதைச் சேர்த்து, தப்பைத் திருத்தி, முடிந்தது என்று குறிப்பது என் வேலை. மற்ற மாதங்களில் பழைய பதிவுகளைச் சரிபார்ப்பேன்.

செயலி போனுக்காகச் செய்தது. போனில் அது நன்றாகவே இருக்கும். தூறலில் நின்றுகொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் கண்ணாயி அக்கா ஒரு காட்டை முடித்துவிடுவார். இந்த வருஷம் பங்குனியில் அதையே அப்படியே தூக்கிக் கம்ப்யூட்டரிலும் வைத்துவிட்டார்கள். அகலமான திரையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு விண்டோ, இரண்டு பக்கமும் கறுப்பு. பெரிய கல்யாண மண்டபத்தின் நடுவில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வந்தவர்கள் எல்லாரும் இதில்தான் உட்கார வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் விரியாது. கையடியில் கீபோர்டு இருந்தாலும், எண் போடும் கட்டத்தைத் தொட்டால் திரைக்குள்ளிருந்து இன்னொரு கீபோர்டு எழும்பி வந்து பாதியை மறைக்கும். டேப் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகாது. என்டர் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஒரு வரியைத் திறக்க மவுஸை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், விரலை வைத்துப் பிடிப்பதுபோல.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பாடம் வராமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல் என்றால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வகுப்பு சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அதன் பின் ஒன்றரை வருஷம் சேந்தமங்கலத்தில் ஒரு டைப்பிங் கடையில் பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் அடித்தேன். அங்கே எனக்குப் பிடித்துப்போனது ரைட் கிளிக். எதன்மேல் வைத்து அழுத்தினாலும், இதை என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் விரியும். வாய் திறந்து யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே பதில் சொல்லும் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதனால் என் கை தானாகப் போய் அழுத்தும். ஒன்றும் வராது. வராதபோதெல்லாம், எதன்மேல் அழுத்தினேன், அங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். முதலில் கோபத்தில் எழுதினேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. மூன்று நோட்டு நிறைந்து, மேசை இழுப்பறையில் பழைய காலண்டருக்கு அடியில் கிடந்தன. கண்ணாயி அக்காவுக்குக்கூடத் தெரியாது. அதே நோட்டுகளில் பின்பக்கத்திலிருந்து வேறு விஷயங்களும் எழுதுவேன். அவை இந்தக் கதைக்கு வேண்டாம்.

யுவராஜ் போன் செய்ததற்குக் காரணம் அதற்கு முந்தின நாள் நடந்தது. நவம்பர் இருபதாம் தேதி சங்கத்தின் செயலாளர் தனபால் கீழேயிருந்து மேலே வந்தார். வாசலிலேயே நின்று கேட்டார்.

"இருநூத்தி எண்பத்தாறு பேருல பதினேழு பேரு பட்டியல்ல இல்லை. எங்க கண்ணு போனாங்க? புளியஞ்சோலை ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டாங்களா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பட்டியலில் மாதன் என்ற பெயரில் மட்டும் இருபத்திரண்டு பேர். அப்பா பெயரும் காட்டின் பெயரும் சேர்ந்தால்தான் எந்த மாதன் என்று தெரியும். ஆனால் விண்டோ குறுகல் என்பதால் 'மாதன், த/பெ சி...' என்பதோடு வரி நின்றுவிடும். மீதியைப் படிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. பெயரின் கடைசியில் மவுஸை வைத்து, வலமிருந்து இடமாக இழுத்துத் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து வேறொரு இடத்தில் ஒட்டிப் படிப்பேன். போனில் ஒரு வரியை வலமிருந்து இடமாக இழுத்தால் 'நீக்கு' என்று அர்த்தம். சில நேரம் அது என் இழுப்பை எழுத்தைத் தேர்ந்தெடுப்பதாக எடுத்துக்கொண்டது. சில நேரம் விரலால் இழுத்ததாக எடுத்துக்கொண்டு ஆளையே எடுத்துவிட்டது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இதைச் சொல்ல எனக்குப் பத்து வாக்கியம் வேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

"வாயைத் தொறந்து சொல்லு சாமி. அழிச்சது நீதானே?"

தலையாட்டினேன். அது பொய்யும் இல்லை.

தனபால் கெட்டவர் இல்லை. இருநூற்று எண்பத்தாறு பேருடைய மிளகும் இந்தப் பதிவை நம்பித்தான் இருக்கிறது. பதிவில் ஒரு ஓட்டை இருந்தால் மொத்த மலைக்கும் அந்த வருஷம் சான்று கிடையாது. அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அடுத்த மாசம் பத்தொன்பதாந் தேதி சான்று குடுக்கற ஆய்வாளர் வர்றாரு. இன்னும் எத்தனை காடு பாக்கி?"

கண்ணாயி அக்கா எனக்காகச் சொன்னார். "நானூத்தி முப்பதுங்க."

"பதினாலாந் தேதி ஜீப் எடுத்துட்டு வாரேன். அதுக்குள்ள அத்தனையும் முடிஞ்சு, அந்தப் பதினேழு பேரும் திரும்ப வந்திருந்தாச் சரி. இல்லைன்னா இந்தக் கம்ப்யூட்டர் சேந்தமங்கலத்துக்கு எறங்கிரும். அங்க நாலு புள்ளைங்க இருக்காங்க. வாய் இருக்கிற புள்ளைங்க."

கம்ப்யூட்டர் இறங்கினால் நான் இறங்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரவள்ளிக் காட்டு வேலை எனக்குக் கேவலம் இல்லை, அது என் அப்பா அம்மா செய்கிற வேலை. ஆனால் எழுந்து நின்று பதில் சொல் என்று யாரும் கேட்காமல், என் கைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து நான் உட்கார்ந்த இடம் இது ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பத்துக் காடு முடிப்பேன். இருபத்து நான்கு நாளில் இருநூற்று நாற்பது. என்ன செய்தாலும் நூற்றுத் தொண்ணூறு மிஞ்சும்.

பதினேழு பேர் காணாமல் போனதைத் தனபால் கம்பெனிக்கும் சொல்லியிருந்தார், அதைத் தேடப்போய்த்தான் யுவராஜ் என் ரைட் கிளிக்குகளைப் பார்த்திருக்கிறார். சொன்னபடி வந்தார். இருபத்து மூன்றாம் தேதி காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவருடைய முகம் வெளுத்துக் கிடந்தது. எங்களுக்கு அது புதிதில்லை, அடிவாரம் காரவள்ளியிலிருந்து முதல் தடவை ஏறி வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்குவார்கள். கண்ணாயி அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார்.

"எழுபது வளைவும் எண்ணுனீங்களா தம்பி?"

"முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுனேங்க. அதுக்கு மேல கண்ணைத் தொறக்கல."

"அப்ப மீதியைத் திரும்பிப் போறப்ப எண்ணிக்கங்க."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "நீங்க வழக்கம்போலச் செய்யுங்க, நான் சும்மா பாத்துட்டு இருக்கேன்" என்றார். சும்மா பார்ப்பது என்று ஒன்று கிடையாது. என் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. ஒரு வரியைத் திறந்தேன், மூடினேன். திரும்பவும் அதே வரியைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி டீ குடிக்க எழுந்து போனார்.

அவர் திரும்பி வந்தாலும் என்னால் இதற்கு மேல் ஒன்றும் காட்ட முடியாது. கம்பெனிக்காரர் வந்து பார்த்தார், அந்தப் பெண்ணுக்கு மவுஸே பிடிக்கத் தெரியவில்லை என்று கீழே போய்ச் சொல்லுவார். அந்த எண்ணம் வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். மூன்று நோட்டையும் எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். பிறகு வெளியே போய் ரோட்டோர மரம் ஒன்றுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இரண்டு மணி நேரம் அவர் வெளியே வரவில்லை. ஒரு பஸ் மேலே போய், அதே பஸ் கீழேயும் போய்விட்டது. வந்தபோது இரண்டாம் நோட்டு அவர் கையில் இருந்தது, நடுவில் விரலை அடையாளம் வைத்திருந்தார்.

"இதையெல்லாம் எங்க ஆபீஸ்ல யாரும் எழுதல" என்றார். "எட்டு மாசத்துல எங்களுக்கு வந்த புகார் மொத்தமே ஆறு. இதுல தொளாயிரத்துக்கு மேல இருக்குது. எத்தனை தடவைன்னு கோடு வேற போட்டு வெச்சிருக்கீங்க."

பின்பக்கத்து ரப்பர் பேண்டு அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

"ஆனா எனக்கு ரெண்டு வாரந்தான் குடுத்திருக்காங்க. நாலு விஷயம் செய்யலாம், அஞ்சாவது முடியாது. எந்த நாலுன்னு நீங்கதான் சொல்லணும். நான் நெனச்சது, மொதல்ல ஐகானெல்லாம் பெருசு பண்ணி, கலர் மாத்தி..."

"கலர் மாத்தி என்னங்க பண்றது, பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றார் கண்ணாயி அக்கா.

உள்ளே போய் ஒரு தாளில் நான்கு வரி எழுதி நீட்டினேன். விண்டோ திரை முழுக்க விரிய வேண்டும், பட்டியல் ஒரு பக்கமும் பதிவு ஒரு பக்கமும் தெரிய வேண்டும். மவுஸால் இழுத்தால் எழுத்துத் தேர்வாக வேண்டும், ஆள் போகக் கூடாது, நீக்குவதும் சேர்ப்பதும் ரைட் கிளிக்கில். டேப், என்டர், கன்ட்ரோல் எஸ் வேலை செய்ய வேண்டும். நான்காவது, படம் தனி விண்டோவில் திறக்க வேண்டும்.

முதல் மூன்றுக்கும் சரி என்று டிக் போட்டார். நான்காவதில் பேனா நின்றது.

"இது பெரிய வேலைங்க. போன்ல ஒரு நேரத்துல ஒரு திரைதான். அந்த நெனப்புலயே மொத்தத்தையும் கட்டியிருக்கோம். ரெண்டாவது விண்டோன்னா அடியிலயே கை வைக்கணும். இதுக்குப் பதிலா, படத்தை வெளிய இருந்து இழுத்து உள்ள போடற மாதிரி செஞ்சு தரட்டுமா? அதுவும் உங்க நோட்டுல இருக்குது. ஒரே நாள் வேலை."

கண்ணாயி அக்காவைத் தேடினேன். பட்டா நகல் கேட்டு வந்த ஒருவரோடு ரோட்டில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டுமானாலும் குரல் வேண்டும். யுவராஜ் அந்த வரியை அடிக்கப்போனார்.

"அடிக்காதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் குரலை அவர் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறார்.

"பொம்பளைங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"என்னங்க?"

"காடெல்லாம் ஆம்பளைங்க பேர்ல இருக்குது. பகல்ல போனா ஊட்டுல பொம்பளைங்கதான் இருப்பாங்க. பெரியவங்க யாரும் ஊட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க. ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவாங்க. அக்கா அதைப் படம் புடிச்சு அனுப்புவாங்க. பேரு, எண்ணு, எல்லாம் படத்துலதான் இருக்குது. படத்தைத் தொறந்தா எழுதற எடம் மறைஞ்சு போகுது. பாத்து மனசுல வெச்சுக்கிட்டு, மூடிட்டு, அடிக்கணும். பாதியில மறந்துரும். மறுபடி தொறக்கணும். ஒரு காட்டுக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. நானூறுல முந்நூறு அந்தப் படத்து மேல அழுத்தினது."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. முடித்தபோது காது சூடாக இருந்தது.

யுவராஜ் சிரிக்கவில்லை. வேறு ஏதோ யோசனையில் லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். "அப்ப இது என்னங்க? இந்த மலையில மட்டும் 'அவுங்க'ன்னு நூத்தி நாப்பத்து மூணு பேரு இருக்காங்க. நாங்க ஏதோ குலப் பேரோன்னு நெனச்சு விட்டுட்டோம்."

அதற்குள் உள்ளே வந்திருந்த கண்ணாயி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குலப் பேரா! 'கணவர் பெயர்'னு ஒரு கட்டம் வெச்சு, நிரப்பாம அடுத்த பக்கம் போக விட மாட்டேன்னு நின்னா நாங்க என்ன பண்றது சாமி? பேரு என்னங்கன்னு கேட்டா, 'அவுங்கதான்'ங்கறாங்க. அதையே போட்டுட்டு வந்துட்டோம்."

யுவராஜ் லேப்டாப்பை மூடினார். அந்தத் தாளில் நான்காவது வரிக்கு நேராக ஒரு டிக் போட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்கள் நீளம். இரண்டு வாரம் முடிந்தும் ஒன்றும் வரவில்லை. நான் பழையபடி ஒரு சாண் விண்டோவுக்குள் ஒரு நாளைக்குப் பத்துக் காடு என்று போய்க்கொண்டிருந்தேன். மழை வந்தது, கரண்ட் போனது, வந்தது. டிசம்பர் பத்தாம் தேதி காலையில்தான் புதிய செயலி வந்தது. அதை இறக்க எங்கள் மலை நெட்டுக்கு மதியம் ஆகிவிட்டது. தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் அரை மணி நேரம் நின்றது. கண்ணாயி அக்கா திரையைப் பார்த்துக் கும்பிட்டார். இன்னும் இருநூற்று நாற்பது காடு பாக்கி. நான்கு நாள்.

திறந்தேன். முதலில் அதே ஒரு சாண் விண்டோதான் வந்தது. ஓரத்தில் மவுஸை வைத்து இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. கறுப்பு முழுவதும் ஒதுங்கி, திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெளிச்சமாகிவிட்டது. இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் பதிவு. 'மாதன், த/பெ சின்னப்பையன், பலாமரத்துக்காடு.' 'மாதன், த/பெ சிவன்காளை, ஓடைக்காடு.' இருபத்திரண்டு மாதன்களும் அவரவர் அப்பாவோடும் அவரவர் காட்டோடும் தனித்தனியாக நின்றார்கள்.

பிறகு ஒரு வரியின்மேல் ரைட் கிளிக் செய்தேன்.

சின்னதாக ஒரு பட்டியல் விரிந்தது. திற. தனி விண்டோவில் திற. காப்பி எடு. நீக்கு. நீக்கியவர்களைக் காட்டு. ஐந்து வரி, எல்லாம் தமிழில். மூடினேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது. பத்துத் தடவையாவது அப்படியே செய்திருப்பேன், எதையும் தேர்ந்தெடுக்காமல். எட்டு மாதம் தட்டிய கதவு திறந்தால், உடனே உள்ளே போக முடிவதில்லை, கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்க்கத்தான் தோன்றுகிறது.

'நீக்கியவர்களைக் காட்டு' என்பதை அழுத்தினேன். பதினேழு பேரும் அங்கேதான் இருந்தார்கள். முதல் பெயரைத் தொட்டு, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெயரைத் தொட்டேன். பதினேழு வரியும் ஒன்றாக நீலமாயின. 'மீண்டும் சேர்.' மேலே இருந்த இருநூற்று அறுபத்தொன்பது, இருநூற்று எண்பத்தாறு ஆனது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். கண்ணாயி அக்கா பயந்துபோய்க் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

படத்தைத் தனி விண்டோவில் திறந்து வலது ஓரம் வைத்துக்கொண்டேன். கண் ரேஷன் கார்டில், கை கீபோர்டில். டேப், டேப், எண், டேப், பெயர், கன்ட்ரோல் எஸ், என்டர், அடுத்த காடு. என் கைக்கு இவ்வளவு வேகம் உண்டு என்று எனக்கே தெரியாது. டைப்பிங் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்த கை, எட்டு மாதம் நொண்டிவிட்டு இப்போது ஓடியது. அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று. மறுநாள் அறுபத்தெட்டு. அதற்கடுத்த நாள் எழுபத்தொன்று.

குறை இல்லாமல் இல்லை. மர எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் டேப் தாண்டிக் குதித்தது. படத்தின் விண்டோவை மூடினால் சில நேரம் செயலியே மூடிக்கொண்டது. அவற்றை நான்காம் நோட்டில் எழுதிவைத்தேன், இந்தத் தடவை மேசைமேல் வைத்தே.

நூற்று நாற்பத்து மூன்று அவுங்களும் ஒவ்வொருவராகப் பெயராக மாறினார்கள். பதின்மூன்றாம் தேதி மதியம் ஒரு பதிவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, உங்க காட்டுலயும் 'அவுங்க'ன்னுதான் போட்டிருக்கீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"பேரைச் சொன்னாத்தானே எழுத முடியும்."

"வாய் வந்துருச்சு புள்ளைக்கு!" அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ரேஷன் கார்டுதான் பக்கத்துலயே தொறந்து வெச்சிருக்குதே, பாத்து எழுது போ."

பார்த்து எழுதினேன். அர்த்தனாரி. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியத்துக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தேன். கரண்ட் எட்டரைக்கு வந்தது. இருபத்தேழு காடு பாக்கி. பதினாறு முடிந்திருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. தனபால் இறங்கினார். கையில் இரண்டு சாக்கு, ஒரு கயிற்றுச் சுருள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் பதினொண்ணுங்க" என்றேன். நான் பதில் சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினொண்ணுன்னா நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். ஒயரைக் கழட்டு கண்ணாயி."

"கழட்டறேனுங்க. சித்த நில்லுங்க, அவ கை எடுக்கட்டும்" என்றார் அக்கா. ஒயரின் பக்கம் போகவே இல்லை.

நான் கை எடுக்கவில்லை. டேப், டேப், பெயர், டேப். பத்து. ஒன்பது. தனபாலின் செருப்புச் சத்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. சாக்கு தரையில் விழும் சத்தம் கேட்டது. யாராவது பின்னால் நின்று பார்த்தால் என் விரல் நின்றுவிடும் என்று சொன்னேன் இல்லையா, அன்று நிற்கவில்லை. நான்கு. மூன்று. கடைசிக் காடு சென்னம்மாள் என்பவருடையது, சொந்தப் பெயரில் காடு வைத்திருக்கும் சிலரில் ஒருவர். அவர் பெயரை அடித்துச் சேமித்தேன். மேலே 611 / 611 என்று வந்தது. ஜீப் வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

தனபால் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தன் கையெழுத்தில் அந்தப் பதினேழு பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"குப்புசாமி" என்றார்.

"எந்தக் குப்புசாமிங்க? நாலு பேர் இருக்காங்க."

"கரடிப்பாறைக் காடு."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் குப்புசாமியும் அவருடைய காடும் படமும் தனி விண்டோவில் திறந்து நின்றன.

"பொன்னம்மாள்."

திறந்தேன். குப்புசாமிக்குப் பக்கத்தில் நின்றது.

"மாதன். ஓடைக்காடு."

அது அதற்குப் பக்கத்தில். அவர் வரிசையாகப் படிக்கப் படிக்க நான் திறந்துகொண்டே போனேன். பாதிக்கு மேல் அவர் படிக்கும் வேகம் கூடியது, நான் எங்காவது தடுக்குவேனா என்று பார்க்கிறவர்போல. நான் தடுக்கவில்லை. பதினேழாவது பெயரைப் படித்தார். திரையில் இடம் போதாமல் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று தோளைக் காட்டிக்கொண்டு நின்றன.

"இழுத்தா ஆள் போயிடற மாதிரி வெச்சிருந்தாங்க, நான் பேரைப் படிக்கறதுக்காக இழுத்தேன்" என்றேன். "இப்ப எப்படி இழுத்தாலும் போக மாட்டாங்க."

கண்ணாயி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தனபால் திரையைப் பார்த்தார். மேலே இருந்த எண்ணைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். குனிந்து இரண்டு சாக்கையும் எடுத்து உதறி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கயிற்றைத் தோளில் மாட்டினார். வாசல் கட்டையில் ஒரு நிமிஷம் நின்று, பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ரோட்டைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறி, கீழே இறங்கிப் போனார்.